ஆயிரம் பக்கக் கணினிக் கையேடு: இண்டெக்ஸும் பைண்டிங்கும் ஒரே வேலைதான்

கேட்டவர் பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் டேட்டாபேஸ் அட்மினாக இருக்கிறார். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதி முடித்துவிட்டார், கிரவுன் 1/4 அளவில் 1,140 பக்கம் வருகிறதாம். நூலின் கடைசியில் வரும் இண்டெக்ஸை வேர்டே தானாகப் போட்டுவிடாதா, ஒரே புத்தகமாக அடிப்பதா இரண்டாகப் பிரிப்பதா, நூலில் வரும் குவெரிகளையெல்லாம் (டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் கட்டளைகள்) ஒரு சிடியில் போட்டுப் பின்னட்டையில் ஒட்டலாமா என்று மூன்று கேள்வி.

சுருக்கமாகச் சொன்னால்: போடாது, பிரியுங்கள், வேண்டாம். ஆனால் ஏன் என்று தெரியாமல் இதைச் செய்தால் பாதியில் மாட்டிக்கொள்வீர்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பெங்களூரில் உட்கார்ந்து வெளிநாட்டுப் பதிப்பகங்களின் கணினி நூல்களுக்கு இண்டெக்ஸ் போடுவதுதான் இருபது வருஷத்துக்கு மேலாக என் பிழைப்பு. இந்த மூன்று கேள்வியும் உண்மையில் ஒரே கேள்வி என்பது எனக்கே பல வருஷம் கழித்துத்தான் பிடிபட்டது.

முதலில் 'தானாக' என்பதைப் பார்ப்போம். வேர்டில் ஒரு சொல்லைக் குறித்து, வருகிற இடமெல்லாம் குறி என்று சொன்னால் பக்க எண்கள் வந்து குவியும். அதற்குப் பெயர் சொல்லடைவு. சங்க இலக்கியத்துக்குச் சொல்லடைவு வேண்டும், ஏனென்றால் 'யாமம்' என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்பதே அங்கே ஆய்வாளருடைய கேள்வி. உங்கள் வாசகருக்கு 'டேபிள்' (தகவலை வரி வரியாக வைத்திருக்கும் அட்டவணை) என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அவருக்கு வேண்டியது பொருளடைவு. தன்னுடைய தொல்லைக்குத் தனக்குத் தெரிந்த பெயரைச் சொன்னால், அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டுகிற ஒன்று.

போன வருஷம் என் அக்கா மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளும் உங்கள் வேலைதான். ராத்திரி ஒன்றரை மணிக்கு ஆபீஸிலிருந்து போன், சர்வரில் டிஸ்க் நிரம்பிக்கொண்டிருக்கிறது. கட்டிலில் லேப்டாப், மடியில் தடிமனான ஓர் ஆங்கிலக் கையேடு. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். 'டிஸ்க்' என்று போனாள், அங்கே எந்த டிஸ்க் வாங்கலாம் என்று இருந்தது. 'ஸ்பேஸ்' பார்த்தாள், அப்படி ஒரு பதிவே இல்லை. 'டேபிள்' பார்த்தாள், அதன் கீழே ஒரு விளக்கமும் இல்லாமல் முப்பது பக்க எண் வரிசையாக நின்றது. மூன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டாள். "சித்தி, இதுல இருக்குன்னு தெரியும். எங்கன்னுதான் தெரியல."

இருந்தது, 'வேக்கம்' என்ற அத்தியாயத்தில். டேபிளில் பழைய வரிகளை அழித்தாலும் திருத்தினாலும் போஸ்ட்கிரெஸ் உடனே இடத்தை விடுவதில்லை, செத்த வரிகள் அப்படியே கிடக்கும், வேக்கம் வந்துதான் அந்த இடத்தை மறுபடி பயன்படுத்தக் கொடுக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் டிஸ்க் நிரம்பியவர் 'வ' வரிசைக்கு எப்படிப் போவார்? வேக்கம் என்ற பெயர் தெரிந்திருந்தால் அவருக்குப் பாதிப் பதில் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதே அத்தியாயத்தில் இன்னொன்றும் இருக்கும். வேக்கம் ஃபுல் என்ற கட்டளையைக் கொடுத்தால் டேபிள் முழுவதும் பூட்டப்படும், புதிய பிரதி ஒன்றை எழுதுவதால் அது முடிகிற வரை கூடுதல் இடமும் கேட்கும். டிஸ்க் நிரம்பி நிற்கிற நேரத்தில் அந்த எச்சரிக்கையைப் பார்க்காமல் கட்டளையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே 'டிஸ்க் நிரம்புதல்', 'டேபிள் பெருத்தல்', 'இடத்தை மீட்டல்', 'செத்த வரிகள்', 'பூட்டு: வேக்கம் ஃபுல் போடும்போது' என ஐந்து வாசலும் ஒரே அறைக்குத் திறக்க வேண்டும். இதில் பாதிச் சொற்கள் அந்தப் பக்கங்களில் ஒரு தடவைகூட வந்திருக்காது. பக்கத்திலேயே இல்லாத சொல்லை எந்த மென்பொருள் பொறுக்கி எடுக்கும்? இப்போதைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பதிவுகளைப் பரிந்துரைக்கின்றன, முதல் பட்டியலுக்கு உதவும், ஆனால் ஒவ்வொரு பதிவையும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும்.

நம்மிடம் நிகண்டு என்று ஒன்று இருந்தது, ஒரு பொருளுக்கு ஊரில் உள்ள பெயரையெல்லாம் ஓரிடத்தில் திரட்டி வைப்பது. உ.வே.சா. பதிப்பு எதையாவது எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள், அரும்பத முதலியவற்றின் அகராதி என்று எவ்வளவு பொறுமையாகப் போட்டிருக்கிறார். அந்த இரண்டையும் சேர்த்தால்தான் நல்ல இண்டெக்ஸ். தமிழ்க் கணினி நூலுக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் நம் சொற்கள் இன்னும் ஓர் இடத்தில் நிலைக்கவில்லை. கோப்பு, ஃபைல், பைல் மூன்றும் புழங்குகின்றன. நீங்கள் நூலுக்குள் 'பரிவர்த்தனை' என்று எழுதியிருக்கலாம், ஆபீஸில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, 'டிரான்சாக்‌ஷன்' என்றுதான் தேடுவார்கள். ஒரு பெயரில் எல்லாவற்றையும் வைத்துவிட்டு மற்றவற்றிலிருந்து 'காண்க' என்று அனுப்புங்கள். ஆனால் இருப்பதே ஓரிரு பக்க எண் என்றால் 'காண்க' போடாதீர்கள், பக்க எண்ணையே இரண்டு இடத்திலும் கொடுத்துவிடுங்கள். அதே ஒரு வரிதான் பிடிக்கும், வாசகரை இன்னொரு பக்கத்துக்கு ஓட வைக்க வேண்டாம். 'ஃபைல்: கோப்பு காண்க' என்று போய்ப் பார்த்தால் அங்கே 'கோப்பு: ஃபைல் காண்க' என்று நிற்கிற கொடுமையும் நடக்கும், அச்சுக்கு முன்னால் இதை மட்டும் தனியாக ஒரு முறை பாருங்கள்.

ஒரு தலைப்பின் கீழ் ஐந்தாறு எண்ணுக்கு மேல் சேர்ந்தால் உட்தலைப்பாகப் பிரித்துவிட வேண்டும். அந்த முப்பது எண் வரிசை என் அக்கா மகளை என்ன செய்தது என்று மேலே சொல்லிவிட்டேன்.

அடுத்தது அகரவரிசை. தமிழில் இண்டெக்ஸ் போடுகிற பலர் விழுகிற குழி இது. யூனிகோடில் எழுத்துகளுக்குக் கொடுத்திருக்கும் எண் வரிசையும் நம் அகராதி வரிசையும் ஒன்று இல்லை. யூனிகோடு அட்டவணையில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் ஜ. எண் வரிசைப்படி அடுக்கும் மென்பொருளில் போட்டால் 'நினைவகம்' முன்னாலும் 'நிரல்' பின்னாலும் வரும், அகராதி பார்த்துப் பழகியவர் 'நிரல்' முதலில் இருக்கும் என்று தேடுவார். புள்ளி வைத்த எழுத்தும் இப்படித்தான். அகராதியில் 'பக்கம்' முதலில், 'பகுதி' பிறகு, எண் வரிசையில் தலைகீழ். 'ஃபைல்' இருக்கிறதே, அது ஆய்த எழுத்தில் தொடங்குவதால் 'அ'வுக்கும் முன்னால் போய் நின்றுவிடும். அங்கே யாரும் தேட மாட்டார்கள், ப வரிசையில் வைத்துவிடுவது என் வழக்கம். லேடெக்ஸ் என்ற பக்க அமைப்பு மென்பொருளில் வரும் மேக்இண்டெக்ஸுக்குத் தமிழ் வரிசை தெரியாது. பல மொழிகளின் அகரவரிசையும் தெரிந்த ஐ.சி.யு. என்ற நிரல் தொகுப்பின் வரிசை விதிகளைப் பயன்படுத்தும் கருவியாக இருந்தால் தமிழ் வரிசை கிடைக்கும். எதுவானாலும் நிரல், நினைவகம், பக்கம், பகுதி, ஜாவா என்று இந்த ஐந்து சொல்லைப் போட்டு அடுக்கிப் பாருங்கள், இதே வரிசையில் வந்தால் சரி, ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

கட்டளைப் பெயர்களை நீங்கள் ஆங்கில எழுத்தில்தான் அச்சிட்டிருப்பீர்கள். அவற்றைத் தமிழ் வரிசைக்குள் திணிக்காமல் தனி இண்டெக்ஸாகப் போடுங்கள், கட்டளை தேடுகிறவரும் பிரச்சினை தேடுகிறவரும் வேறு வேறு மனநிலையில் வருகிறவர்கள். குறியீடுகளுக்கு அதற்கும் முன்னால் ஒரு சின்னப் பகுதி வேண்டும். யாரோ எழுதிவிட்டுப் போன குவெரியில் ->> என்றோ :: என்றோ பார்த்துவிட்டு இது என்ன என்று தேடுகிறவருக்கு அதன் பெயர் தெரியாது, உருவம் மட்டும்தான் தெரியும். உருவத்தை வைத்தும் கிடைக்க வேண்டும், 'வகை மாற்றும் குறி' என்று பெயரை வைத்தும் கிடைக்க வேண்டும்.

சரி, இனி பக்க எண்ணுக்கு வருகிறேன். பைண்டிங் சங்கதி இங்கேதான் தொடங்குகிறது.

இண்டெக்ஸ் வேலை வழக்கமாகக் கடைசியில்தான் கைக்கு வரும். பக்கங்கள் முடிவான பிறகு இரண்டு வாரம் கிடைக்கும், கணினி நூலென்றால் அதற்குள்ளும் ஆசிரியர் திருத்திக்கொண்டே இருப்பார், ஏனென்றால் மென்பொருளின் புதிய பதிப்பு வந்திருக்கும். ஒருமுறை நெட்வொர்க்கிங் நூல் ஒன்றின் இண்டெக்ஸை முடித்துக் கொடுத்த பிறகு ஆசிரியர் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பக்கம் சேர்த்தார். பதிப்பகத்தில் இருந்த ஒருவர் அதற்குப் பிறகு வரும் எல்லா எண்ணிலும் ஒன்றைக் கூட்டிவிட்டார். ஆனால் அந்த அத்தியாயத்தின் கடைசிப் பக்கம் வெற்றாக இருந்தது, அடுத்த அத்தியாயம் வலப்பக்கம்தான் தொடங்க வேண்டும் என்பதற்காக விட்டது. சேர்த்த பக்கம் அந்த வெற்றிடத்தை நிரப்பியது, நான்காம் அத்தியாயம் நகரவே இல்லை. அங்கிருந்து கடைசி வரை ஒவ்வொரு எண்ணும் ஒன்று தள்ளி அச்சாகிவிட்டது. அந்த நூலை இன்றைக்கும் என்னால் கையில் எடுக்க முடியவில்லை.

இதற்கு மருந்து, இண்டெக்ஸ் குறியை அந்தந்தப் பத்திக்குள்ளேயே புதைத்து வைப்பது. வேர்டு, இன்டிசைன், ஃபிரேம்மேக்கர், லேடெக்ஸ் எல்லாவற்றிலும் வசதி இருக்கிறது. பக்கம் நகர்ந்தால் எண்ணும் கூடவே நகரும். கஷ்டம் என்னவென்றால், குறி வைக்கும்போது முழு இண்டெக்ஸ் கண்ணில் தெரியாது, 80ஆம் பக்கத்தில் 'பிரதியெடுத்தல்' என்றும் 700ஆம் பக்கத்தில் 'பேக்கப்' என்றும் வைத்துவிடுவீர்கள். பக்கத்தில் ஒரு எக்ஸெல் தாளில் தலைப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு, அதிலிருந்து மட்டும் எடுத்து ஒட்டுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது, அது எனக்கு ரொம்பப் பிடித்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1970களில் வந்த யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் கையேடுகளில் ஒவ்வொரு கட்டளையின் விளக்கமும் தனித்தனியாகப் பக்கம் ஒன்றிலிருந்து தொடங்கும். இண்டெக்ஸ் பக்க எண்ணைச் சொல்லாது, கட்டளைப் பெயரையும் பகுதி எண்ணையும் சொல்லும். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு வரி விளக்கம் உண்டு, அதிலுள்ள முக்கியச் சொல் ஒவ்வொன்றையும் முன்னால் சுழற்றிக் கொண்டுவந்து அடுக்கிய இண்டெக்ஸ் அது. ஐ.பி.எம்.மில் லூன் என்பவர் 1950களின் கடைசியில் கொண்டுவந்த முறை. அந்தக் காலத்தில் கையேடுகள் வளையம் போட்ட ஃபைலில் வரும், 1981இல் ஐ.பி.எம். பி.சி. வந்தபோதும் அப்படித்தான், பெட்டிக்குள் செருகிய வளைய ஃபைல். திருத்தம் வந்தால் பழைய தாளை உருவிவிட்டுப் புதிய தாளைச் செருகினால் போதும். தாள் மாறினாலும் பெயரும் பகுதி எண்ணும் மாறாது. கட்டு எப்படி என்று தீர்மானித்த அன்றே இண்டெக்ஸ் எதைச் சுட்ட வேண்டும் என்பதும் தீர்மானமாகிவிட்டது, இரண்டையும் சேர்த்தே யோசித்திருக்கிறார்கள்.

உங்கள் நூலில் 7.4.2 என்று பத்தி எண் இருந்தால் பக்க எண்ணோடு அதையும் கொடுங்கள். மின்னூல் போடும்போது பக்கமே கிடையாது, அப்போது அதுதான் கைகொடுக்கும். அடுத்த பதிப்பிலும் பெரும்பாலும் நிற்கும்.

இப்போது உங்கள் கணக்கைப் போடுவோம். 1,140 பக்கம், முன்பக்கங்கள் 24 என்று வைத்துக்கொண்டால் 1,164. அச்சகம் 16 பக்கப் பாரமாக (ஒரே தாளில் அடித்து மடிக்கும் பக்கக் கட்டு) அடித்தால் 73 பாரம், அதாவது 1,168. இண்டெக்ஸுக்கு மிச்சம் 4 பக்கம்! பதிப்பாளர் மனம் இரங்கி இன்னொரு பாரம் சேர்த்தால் 20. ஆனால் இந்த மாதிரி கையேட்டுக்கு நான் ஐந்து சதவீதம் கேட்பேன், 57 பக்கம். இடம் இல்லை என்றதும் எழுத்தைச் சிறிதாக்குவார்கள், தமிழில் 7 பாயிண்டுக்குப் போனால் மலிவுத் தாளில் புள்ளி தெரியாது, க்-கும் க-வும் ஒன்றாகிவிடும். அப்புறம் உட்தலைப்புகளை வெட்டுவார்கள். நல்ல இண்டெக்ஸ்கள் பாரக் கணக்கில் செத்துப்போவதை நிறையப் பார்த்துவிட்டேன். நம் சொற்கள் நீளம், பக்கத்தை நெடுக்கில் இரண்டாகப் பிரித்து அடித்தால் வரி மடிந்து மடிந்து இறங்கும், ஆங்கிலத்தைவிட இடம் கூடுதலாகவே கேட்கும். அதனால் இன்றைக்கே 76 பாரம் என்று பேசிவிடுங்கள், 1,216 பக்கம், இண்டெக்ஸுக்கு 52. அதற்குள் அடக்கிவிடலாம்.

ஒரே நூலாக அடித்தால் 608 தாள். 60 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 60 கிராம்) தாள் ஒன்று சுமார் 0.08 மி.மீ. கனம், முதுகு கிட்டத்தட்ட 5 செ.மீ. வரும், எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். அது மேசையில் திறந்து நிற்காது. கையேட்டைக் கதைப் புத்தகம் மாதிரி யாரும் கையில் பிடித்துக்கொண்டு வாசிப்பதில்லை, இரண்டு கையும் கீபோர்டில் இருக்கும்போது அது தானாகத் திறந்து கிடக்க வேண்டும்.

ராஜாஜிநகரில் எனக்குத் தெரிந்த பைண்டர் ஐயா ஒருவர், வேலூர்க்காரர். ஒருமுறை தடிமனான நூல் ஒன்றின் டம்மியோடு, அதாவது மாதிரிப் பிரதியோடு போனேன், நடுவில் திறந்தால் ஸ்பிரிங் மாதிரி மூடிக்கொண்டது. அவர் தாளின் ஓரத்தில் ஒரு துண்டு கிழித்து, ஒரு பக்கத்தை மட்டும் விரலால் ஈரப்படுத்தினார். அது சுருண்டது. "பாரும்மா, சுருளு எந்தப் பக்கம் ஓடுதோ அதான் தாளோட ஓட்டம். இது முதுகுக்குக் குறுக்கால ஓடுது. நீ என்ன பசை போட்டாலும் நிக்காது." தாளின் ஓட்டம் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். அச்சகத்தில் தாளை மிச்சம் பிடிக்கத் திருப்பிப் போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து எந்த டம்மி வந்தாலும் முதலில் ஒரு துண்டு கிழித்து நனைத்துப் பார்க்கிறேன். பசையைப் பொறுத்தவரை, தைக்காமல் தாள்களின் ஓரத்தை ஒட்டிவிடும் வழக்கமான பெர்ஃபெக்ட் பைண்டிங்கின் சூட்டுப் பசை காய்ந்து இறுகிப்போய், அடிக்கடி திறக்கும் இடத்தில் முதுகு பிளந்துவிடும். பி.யு.ஆர். (பாலியூரித்தேன்) பசை வளைந்து கொடுக்கும். எல்லாவற்றையும்விட நல்லது பாரம் பாரமாக நூல் தையல். செலவு ஏறும், ஆனால் கையேட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

பிரிப்பது என்று முடிவானால், பக்கத்தைப் பாதியாக வெட்டாதீர்கள், பயன்பாட்டை வைத்து வெட்டுங்கள். நிறுவுவது, வடிவமைப்பது, கற்றுக்கொள்வது ஒன்றில். ராத்திரி ஒன்றரை மணிக்குத் தேவைப்படுவதெல்லாம் மற்றொன்றில், அதைத் தைத்துக் கட்டுங்கள். முழு இண்டெக்ஸும் இரண்டிலும் இருக்க வேண்டும். 52 பக்கம் கூடுதல் செலவு என்று பதிப்பாளர் முகம் சுளிப்பார், விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டாம் பாகத்தில் மட்டும் இண்டெக்ஸ் இருந்தால் முதல் பாகம் அலமாரியில் தூங்கும். டெக் என்ற பழைய கணினி நிறுவனத்தின் வி.எம்.எஸ். இயங்குதளக் கையேடுகள் சாம்பல் நிறத்தில் ஒரு சுவரையே அடைக்கும் என்பதால் கிரே வால் என்றே கூப்பிடுவார்கள், அத்தனைக்கும் சேர்த்து மாஸ்டர் இண்டெக்ஸ் என்று தனி நூலே போட்டார்கள். எண்களை 1:340, 2:87 என்று பாகத்தோடு சேர்த்துக் கொடுங்கள். தொடர் எண் போட்டால் முதல் பாகத்தைத் திருத்தும் அன்றைக்கு இரண்டாம் பாகத்தின் எண்ணும் பாழாகிவிடும்.

சிடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இன்றைய லேப்டாப்பில் அதைப் போட இடமே இல்லை. இருந்த காலத்திலும் அது தொந்தரவுதான், கட்டு அடுக்கினால் உடையும், ஒட்டிய உறை பின்னட்டையைப் பிடித்து இழுக்கும், சிடி திருட்டுப் போகக்கூடாது என்று நூலையே பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றிவிடுவார்கள். அவென்யூ ரோட்டுக் கடையில் நின்றுகொண்டு இண்டெக்ஸைப் புரட்டிப் பார்த்து வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிற வாசகரை அந்தச் சுற்றல் தடுத்துவிடும், எனக்கு அதுதான் பெரிய வருத்தம். குவெரிகளை இணையத்தில் போட்டு, அதற்கு உங்கள் சொந்த டொமைன் பெயரில் ஒரு சின்ன முகவரி கொடுத்து வையுங்கள், நூலில் அந்த முகவரியை மட்டும் அச்சிடுங்கள். குவெரிகள் இருக்கும் தளம் நாளைக்கு மாறினாலும் அச்சான முகவரி செல்லுபடியாகும். அதே இடத்தில் திருத்தப் பட்டியலையும், திருத்திய இண்டெக்ஸையும் போட்டுவிடலாம்.

முதல் இரண்டு அத்தியாயத்துக்குக் குறி வைத்து முடித்ததும், நூலைப் படிக்காத இரண்டு அட்மின்களிடம் பத்துப் பிரச்சினையை எழுதிக் கொடுத்து இண்டெக்ஸில் மட்டும் தேடச் சொல்லுங்கள். அவர்கள் முதலில் எந்தச் சொல்லுக்குப் போகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள், வாய் திறந்து உதவாதீர்கள். அந்தத் தாளையும் தலைப்புப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அல்சூர் பக்கம் வாருங்கள், உட்கார்ந்து பார்த்துவிடலாம்.